ஊர்முறை, சட்டச் சங்கம், சொந்த ஆழ்துளைக் கிணறு: கண்மாய்ப் பாசனத்தில் எது நிலைக்கும்?

தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. ஆயக்கட்டு, அதாவது ஒரு கண்மாய் பாய்ச்சும் நிலப்பரப்பு, 100 ஏக்கரைத் தாண்டினால் அது நீர்வளத் துறையின் பொறுப்பு, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. இந்த நீருக்குக் காத்திருக்கும் விவசாயியின் சராசரி நில அளவு, 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கர்கூட இல்லை. அதுவும் பெரும்பாலும் தலைமடையில் (வாய்க்காலின் தொடக்கத்தில்) ஒரு துண்டு, கடைமடையில் (அதன் முடிவில்) ஒரு துண்டு என்று சிதறிக் கிடக்கும். இப்படிப்பட்டவரால் ஒரு மதகையோ கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் ஒரு வரத்துக்காலையோ தனியாகக் காப்பாற்ற முடியாது. அவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, தண்ணீரைத் திறந்து பங்கிட ஊர் நியமிக்கும் நீர்க்கட்டியை வைத்து ஊரே நடத்தும் பழைய முறை. அடுத்தது, சட்டப்படி தேர்தல் வைத்து அமைக்கும் பாசனதாரர் சங்கம். மூன்றாவது, ஊரை நம்பாமல் சொந்த வயலில் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட்டுக்கொள்வது.

மூன்றையும் ஒப்பிட்டுப் பேசும்போது பலர் தூர்வாருவதிலிருந்து தொடங்குகிறார்கள். என் அளவுகோல் வேறு. கண்மாயில் பாதித் தண்ணீர் மட்டும் இருக்கும் ஆண்டில் அதை யார் பங்கிடுகிறார், அவர் பேச்சை யார் கேட்கிறார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நிறைந்த கண்மாயை யாரும் நிர்வகித்துவிடலாம்.

அந்தச் சோதனையில் ஊர்முறைதான் முன்னால் நிற்கிறது. நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் கையில். வாய்க்காலில் எந்த வயலுக்கு எப்போது திருப்புவது என்பதும் அவர் முடிவு. நிலக்காரர் தன் வயலுக்கானாலும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலை வெட்டக் கூடாது. நீர்க்கட்டிக்குக் கூலி அறுவடையின்போது களத்தில் நெல்லாக அளக்கப்பட்டது. விளைந்தால்தான் அவருக்கும் கூலி என்பதால், கடைமடை காய்ந்தால் அவர் வயிறும் காயும். பல ஊர்களில் அவருக்கு ஆயக்கட்டில் சொந்த நிலம் கிடையாது, ஆகவே எந்த மடைப் பக்கமும் சாய வேண்டிய தேவையும் இல்லை. தண்ணீர் குறைந்தால் ஊர் கூடி, இத்தனை நிலம் மட்டும் நடலாம் என்று முடிவு செய்யும். அதன்பின் முறை வைத்துப் பாய்ச்சுவது அவர் வேலை. இதைவிடச் சிக்கனமான ஓர் ஏற்பாட்டை எந்தத் திட்ட அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை.

ஆனால் இந்த முறையை ஏங்கிப் புகழ்பவர்களோடு என்னால் சேர முடியாது. நீர்க்கட்டி வேலை பெரும்பாலும் தலித் குடும்பங்கள்மேல் பரம்பரையாகச் சுமத்தப்பட்டது. நள்ளிரவில் பாம்புக்கும் சேற்றுக்கும் நடுவே மதகில் மூழ்கி அடைப்பை எடுத்தவருக்கு ஊர்க்கூட்டத்தில் உட்கார இடம் இருந்ததில்லை. அவருடைய நேர்மையை ஊர் நம்பியது, அவரைச் சமமாக நடத்தவில்லை. அடுத்த தலைமுறை பள்ளிக்கும் நகரத்துக்கும் போனபோது அந்த வேலையை உதறியது முற்றிலும் நியாயம். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் காட்டும் 10-ஆம் நூற்றாண்டின் ஏரி வாரியத்தைப் பெருமையாகச் சொல்பவர்கள், அந்த வாரியத்துக்கான குடவோலையில் பெயர் எழுதத் தகுதி பெற்றவர்கள் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொந்த நிலமும் வேதக் கல்வியும் அங்கே நிபந்தனைகள்.

சட்டச் சங்கம் இந்தக் குறையைத் தீர்க்க வந்திருக்க வேண்டியது. பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிப்பதற்கான 2000-ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலைக் கொண்டுவந்தது, தலைவரையும் உறுப்பினர்களையும் கொண்டுவந்தது. பிறப்பால் வரும் அதிகாரத்துக்குப் பதில் வாக்கால் வரும் அதிகாரம் என்பது சிறிய மாற்றமல்ல. ஆனால் ஊர் இதை எப்படிப் பார்த்தது? பணிகளுக்கான பணம் வரும்போது சங்கம் விழித்தது, பணம் தீர்ந்ததும் தூங்கியது. காரணம் தெளிவாகவே இருக்கிறது. சங்கத்தின் கையில் நிலையான வருமானம் இல்லை. மீன்பிடிக் குத்தகை, உள்வாயில் (கண்மாயில் நீர் தேங்கும் பரப்பில்) வளரும் கருவேல மரங்கள் ஆகியவற்றின் வருவாய் பெரும்பாலும் துறைக்கோ ஊராட்சிக்கோ போகிறது. மதகுக்கு எண்ணெய் போடும் செலவுக்குக்கூட மனு எழுத வேண்டிய அமைப்பை எப்படிச் சங்கம் என்பது?

பராமரிப்பைப் பொறுத்தவரை மூன்றில் எதுவும் பெருமைப்படும்படி இல்லை. குடிமராமத்து, அதாவது ஊர்மக்களே கூடிக் கண்மாயைப் பழுதுபார்க்கும் வழக்கம், தானாகவே பொங்கி வந்த உழைப்பு என்ற எண்ணம் சரியல்ல. ஆங்கிலேயர் 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டார்கள். வழக்கமான பங்கு உழைப்பைத் தராதவரிடம் அதன் மதிப்பைப் போல் இரு மடங்கு வசூலிக்க அது வழிசெய்தது. 2017-இல் அதே பெயரில் மாநில அரசு தொடங்கிய திட்டத்துக்கு முதல் கட்டமாக 100 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் 10 விழுக்காட்டை விவசாயிகள் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தர வேண்டும். எண்ணம் நல்லதுதான். சங்கத்தின் பெயரில் ஒப்பந்ததாரர்களே வேலை செய்தார்கள் என்ற புகாரும் அப்போதே எழுந்தது. அதே ஆண்டு வண்டல் மண்ணை விவசாயிகள் இலவசமாக அள்ளிக்கொள்ள அனுமதி கிடைத்தது. வயலுக்கு உரம், கண்மாய்க்கு ஆழம் என்று இரண்டு பக்கமும் லாபம் தரும் இந்த ஏற்பாடு, கரையைப் பலப்படுத்தும் எந்தப் பெரிய ஒப்பந்தத்தையும்விட எனக்குப் பிடித்தது.

இனி போர். அதை வெறும் சுயநலம் என்று தள்ளிவிடுவது அநியாயம். கதிர் வாங்கும் நேரத்தில் கண்மாய் வற்றிவிட்டால், கடைசி இரண்டு தண்ணீரைக் கொடுத்துப் பயிரைக் காப்பாற்றுவது கிணறுதான். யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை, நெல்லை விட்டு வாழையோ காய்கறியோ போடலாம். 1990-இலிருந்து எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம் என்பதால், இணைப்பு கிடைத்தவருக்கு இறைப்பதில் செலவும் இல்லை. மாநிலத்தின் பாசனப் பரப்பில் பாதிக்கும் மேல் இன்று கிணற்றுப் பாசனம்.

சிக்கல் இரண்டாவது கட்டத்தில் வருகிறது. ஆயக்கட்டில் சில கிணறுகள் இருக்கும்வரை அவை கண்மாய்க்குத் துணை. எண்ணிக்கை கூடக்கூட, கிணறு உள்ளவர்கள் ஊர்க்கூட்டத்துக்கு வருவதை நிறுத்துகிறார்கள். போர் போட வசதி உள்ளவரே பெரும்பாலும் ஊரில் குரல் உள்ளவரும். அவர் விலகினால் அதிகாரியிடம் போய்ப் பேச ஆள் இல்லை, வரத்துக்கால் ஆக்கிரமிப்பைத் தட்டிக்கேட்க ஆள் இல்லை, நீர்க்கட்டிக்குச் சேரும் நெல்லும் குறைகிறது. கண்மாய் நிறையாமல் போனால் நிலத்தடி நீரும் இறங்கி அவருடைய கிணறும் வறள்கிறது. அவர் இன்னும் நூறடி ஆழப்படுத்துவார். கிணறு இல்லாத முக்கால் ஏக்கர்க்காரர் அவரிடமே விலைக்குத் தண்ணீர் வாங்குவார். மூன்று வழிகளில் இதுதான் ஏழைமேல் மிகக் கனமாக விழுகிறது.

இடத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. ராமநாதபுரம் மாவட்டத்தின் பெரும்பகுதியில் நிலத்தடி நீர் உவர்ப்பு. அங்கே போர் ஒரு மாற்றே அல்ல. கண்மாயை விட்டால் வானம் பார்த்த பூமிதான், ஆகவே கூடிச் செயல்படும் பழக்கம் அங்கே இன்னும் தேவையாக இருக்கிறது. கோவை, திண்டுக்கல் பக்கம் சில ஊர்களில் மதகையே அடைத்துவிட்டு, தேங்கும் நீர் கிணறுகளில் ஊறட்டும் என்று விட்டிருக்கிறார்கள். கிணறு எல்லாரிடமும் இருந்தால் அது சரியான முடிவாக இருக்கலாம். பத்துப் பேரிடம் இல்லை என்றால் அந்தப் பத்துப் பேரின் நீருரிமை சத்தமில்லாமல் பறிபோகிறது. அதற்கு ஈடு கொடுத்த ஊர் எதையும் நான் கேள்விப்பட்டதில்லை.

மூன்றுக்கும் நடுவே இன்னொன்றும் உண்டு. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை 1990-களிலிருந்து அமைத்துவரும் வயலகங்கள், கண்மாய் அளவிலேயே பாசனதாரர்களைச் சேர்க்கின்றன. பழுது பார்ப்பதோடு நில்லாமல் சேமிப்பு, கடன் என்று ஆண்டு முழுவதும் சந்திக்கக் காரணம் வைத்திருப்பது இதன் பலம். ஆண்டுக்கு ஒருமுறை கூடும் கூட்டத்தில் தலைமடைக்காரர் கடைமடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் இருந்துவிடலாம், மாதாமாதம் கடன் பேசும் கூட்டத்தில் அது முடியாது.

எனவே என் தேர்வு, சட்டச் சங்கத்தின் உடலில் ஊர்முறையின் வேலைப் பிரிவினை. நீர்க்கட்டி என்ற பொறுப்பு வேண்டும், பரம்பரை வேண்டாம். எந்தச் சாதியினரும் விண்ணப்பிக்கட்டும், நெல்லுக்குப் பதில் மாதச் சம்பளம் கொடுக்கட்டும், சங்கக் கூட்டத்தில் அவருக்கு வாக்கும் நாற்காலியும் இருக்கட்டும். சம்பளத்துக்கான பணம் மீன் குத்தகையிலிருந்து நேராகச் சங்கக் கணக்குக்கு வரவேண்டும். அதற்கு அரசு விட்டுக்கொடுக்க வேண்டிய தொகை பெரிதல்ல. கிணறு உள்ளவர் ஏக்கருக்கு மற்றவரைவிடக் கூடுதலாகச் செலுத்த வேண்டும், ஏனென்றால் அவர் கிணற்றில் ஊறுவதும் அந்தக் கண்மாய்த் தண்ணீர்தான். இந்தக் கடைசி விதிக்குத்தான் ஊரில் பெரிய சண்டை வரும், அதனால் சங்கம் தொடங்கும் நாளிலேயே, நல்ல மழை பெய்த ஆண்டாகப் பார்த்து, அதை எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.