1,800 ரிங்கிட் கட்டி என் பழைய ஸ்பிரிங்கையே திரும்ப வாங்கியிருக்கிறேன் – லோவரிங் ஸ்பிரிங் மாற்றப் போகிறவர்கள் படியுங்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறவர்கள் லோவரிங் ஸ்பிரிங் (காரின் உயரத்தைக் குறைக்கும் குட்டை ஸ்பிரிங்) மாற்ற நினைத்தால் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். இன்று காலைதான் உண்மை தெரிந்தது. 1,800 ரிங்கிட் போச்சு.

கடைப் பெயர் போடவில்லை, புகார் கொடுக்கப் போகிறேன். ஹாஃப் கட் சாமான் (பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய கார்களின் பாகங்கள்) விற்று, அங்கேயே மாட்டியும் தரும் கடை.

என்னுடையது இரண்டாம் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, 1998இல் வந்த மாடல். நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் (மேலும் கீழும் இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு), குலுக்கலை அடக்கும் அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங். எடை ஒரு டன் சுமார்தான், ஸ்பிரிங்கில் என்ன செய்தாலும் வளைவில் உடனே தெரியும்.

அந்தக் கடை ஆள் பேசியதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. "டயர் சைஸ் என்ன அண்ணே? அப்சார்பர் ஒரிஜினலா? சிப்பாங்ல டிராக் ஓட்டுவீங்களா, ரோடு மட்டுமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரிஜினல் அப்சார்பரோடு ரொம்ப இறுக்கமான ஸ்பிரிங் போட்டால் அதை அடக்க அப்சார்பரால் முடியாது, கார் குதிக்கும் என்று அவரே சொன்னார். அது சரியான பேச்சு, வேலை தெரிந்தவன் பேச்சு! அங்கேதான் நம்பினேன். ஜப்பான் பெட்டியைத் திறந்து பளபளவென்று சிவப்பு ஸ்பிரிங்கைக் கையில் கொடுத்தார். "ராத்திரி விட்டுட்டுப் போங்க அண்ணே, நாளைக்கு அலைன்மென்டும் முடிச்சுத் தர்றேன்லா." ஸ்பிரிங் 1,450, கூலி 350.

கார் இறங்கித்தான் வந்தது. ஆனால் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் 'டக்', மேடு ஏறி இறங்கினால் 'டமார்'. காராக் நெடுஞ்சாலையில் மழை நேரத்தில் ஒரு வளைவில் பின்பக்கம் பம்ப் ஸ்டாப்பில் (ஸ்பிரிங் முழுதும் அழுந்தினால் தாங்கும் ரப்பர் கட்டை) இடித்துச் சட்டென்று வழுக்கியது. பக்கத்தில் என் மனைவி. இதை எழுதும்போதும் உடம்பு பதறுகிறது.

கேட்டால், "புது ஸ்பிரிங் அண்ணே, செட் ஆகட்டும்." பிறகு, "உங்க அப்சார்பர் பழசு." பிறகு, "நம்ம ரோடு அப்படி." கடைக்கே போனேன். முதலாளி இல்லை, நாளைக்கு வாங்க. மறுநாளும் முதலாளி இல்லை. பழைய ஸ்பிரிங்கையாவது கொடுங்கள் என்றேன். பழைய இரும்புக்குப் போட்டாச்சாம்.

இன்று வேறொரு பட்டறையில் ஜாக்கில் தூக்கினார்கள். சக்கரம் தொங்கியதும் ஸ்பிரிங் தொளதொளவென்று ஆடியது, கையாலேயே சுற்ற முடிந்தது. அந்த அப்சார்பருக்கென்று செய்த லோவரிங் ஸ்பிரிங் குட்டையாக இருந்தாலும் தொங்கும்போது அது உட்காரும் தட்டில் அழுந்தித்தான் நிற்கும். கழற்றிப் பார்த்தால் ஒரு முனை கிரைண்டரில் அறுத்த மொட்டை! சிவப்புப் பெயிண்டைச் சுரண்டினால் அடியில் கறுப்பும் துருவும். என் காரின் இடது பின் ஸ்பிரிங்கில் ஒரு துருக்குழி உண்டு, வாங்கும்போதே படம் எடுத்து வைத்திருந்தேன். அதே குழி, அதே இடம். ஜப்பான் ஸ்பிரிங்கைக் காட்டிவிட்டு, ராத்திரியில் என் ஸ்பிரிங்கையே அறுத்துப் பெயிண்ட் அடித்து மாட்டியிருக்கிறார்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் இறுகும், காரும் இறங்கும். அதனால்தான் முதலில் ஓட்டியபோது புதுசு மாதிரியே இருந்தது. அறுத்த முனை தட்டில் சரியாக உட்காராது, அந்த 'டக்' அங்கிருந்துதான்.

படத்தை அனுப்பினேன். நீல டிக் வந்தது. அப்புறம் பிளாக். 1,800 ரிங்கிட்!

அவசரத்தில் சிலது மட்டும் சொல்கிறேன். மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், காரை ராத்திரி விடாதீர்கள். ஸ்பிரிங்கின் இரண்டு முனையையும், அதில் அச்சடித்த எண்ணையும் மாட்டுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுங்கள். பழைய ஸ்பிரிங் நான்கும் அன்றைக்கே உங்கள் பூட்டில் ஏற வேண்டும். பில்லில் ஸ்பிரிங் எண்ணை எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் கிளம்பிவிடுங்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுவுக்கு 5 ரிங்கிட்தான், வக்கீல் வேண்டாம். திங்கட்கிழமை போகிறேன். இதே மாதிரி கடையில் இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள், படங்கள் இருந்தால் அனுப்புங்கள்.