நமீபியாவை விழுங்கும் பாண்டாஸ்: விலங்குத் தரவில் பல வருடப் பழக்கம்

பைத்தான் நிரல்மொழியில் அட்டவணைத் தரவை அலச உதவும் பாண்டாஸ் என்ற நூலகத்தைக் கற்றுக்கொள்ள வருபவர்கள் கையில் டைட்டானிக் பயணிகள் பட்டியலையோ வீட்டு விலைப் பட்டியலையோ கொடுத்துவிடுவார்கள். துடைத்து அடுக்கிவைத்த டேட்டா, எல்லாம் அழகாக ஓடும். நான் பாண்டாஸைப் பல வருடங்களாக ஓட்டிக்கொண்டிருப்பது காட்டு விலங்குப் பதிவுகளில். தானியங்கி கேமராக்களின் படப் பட்டியல், கழுத்துப்பட்டை ஜிபிஎஸ் அனுப்பும் வரிசைகள், உலகெங்கும் இருந்து உயிரினப் பதிவுகளைத் திரட்டும் ஜிபிஐஎஃப் தளத்திலிருந்து இறக்கிய கோப்புகள், சீனாவின் பாண்டா கரடி கணக்கெடுப்பு எண்கள், இப்படி. (பாண்டா கரடியைப் பாண்டாஸில் அலசினால், எதைத் தேடினாலும் பாதி கரடி, பாதி நிரல் என்றுதான் வரும். பழகிவிடும்.) தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இன்றும் முதலில் திறப்பது பாண்டாஸைத்தான். ஆனால் கோப்பை வாசித்த கையோடு கணக்கில் இறங்குவதில்லை. ஏனென்றால் பாண்டாஸ் தப்பாகப் புரிந்துகொண்டாலும் வாயைத் திறக்காது.

தலைப்பில் சொன்ன நமீபியா விஷயத்துக்கு வருகிறேன். ஜிபிஐஎஃப் கோப்பில் நாட்டுக் குறியீடு என்று ஒரு நெடுவரிசை உண்டு, இரண்டு எழுத்து. நமீபியாவின் குறியீடு என்ஏ. பாண்டாஸின் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பு) வாசிப்பானுக்கோ என்ஏ என்றால் 'மதிப்பு இல்லை'. ஆக, சிவிங்கிப்புலிப் பதிவுகளை இறக்கி நாடுவாரியாக எண்ணிப் பார்த்தால், அந்த விலங்கு அதிகமாக வாழும் நாடுகளில் ஒன்றான நமீபியா (2022-ல் இந்தியாவின் குனோ தேசியப் பூங்காவுக்கு வந்த முதல் எட்டு சிவிங்கிப்புலிகளும் அங்கிருந்துதான்) பட்டியலிலேயே இருக்காது. இதில் கொடுமை என்னவென்றால், மதிப்புகளை எண்ணித் தரும் வேல்யூ கவுன்ட்ஸ் கட்டளை இயல்பிலேயே வெற்று மதிப்புகளைக் காட்டாது, அதனால் 'இத்தனை வரிசைகளுக்கு நாடே இல்லையே' என்கிற சந்தேகம் வரக்கூட வழியில்லை. வாசிக்கும்போதே கீப் டீஃபால்ட் என்ஏ என்பதை ஃபால்ஸ் ஆக்கிவிட்டு, எதெல்லாம் வெற்று என்று நாமே சொல்லிக்கொடுப்பதுதான் வழி. அப்புறம் அந்தக் கோப்பு சிஎஸ்வி என்ற பெயரில் வந்தாலும் உள்ளே பிரிப்பது காற்புள்ளி இல்லை, டேப். அதையும் சொல்ல வேண்டும்.

தேதியில் இன்னும் நுணுக்கமான சிக்கல் இருக்கிறது. பாண்டா கரடிகள் இணைசேர்வது மார்ச் முதல் மே வரை, குட்டி போடுவது பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில். இப்போது ஒரு பதிவில் 04/09/2016 என்று இருக்கிறது. ஏப்ரல் 9-ஆ, செப்டம்பர் 4-ஆ? ஒன்று இணைசேரும் காலம், இன்னொன்று குட்டி போடும் காலம். நாம் எதுவும் சொல்லாவிட்டால் பாண்டாஸ் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் வைத்துக்கொள்ளும். 2.0-க்கு முந்தைய பதிப்புகளில் இன்னும் மோசம்: அதே நெடுவரிசையில் 13/04 என்று வந்தால் 13-ஆவது மாதம் கிடையாது என்று அந்த ஒரு வரிசைக்கு மட்டும் நாளை முதலில் வைத்துப் படித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும், ஒரே நெடுவரிசை இரண்டு விதமாகப் படிக்கப்பட்டிருக்கும். 2023-ல் வந்த 2.0 இதைச் சரிசெய்தது. முதல் மதிப்பைப் பார்த்து வடிவத்தை ஊகிக்கும், பிறகு ஒத்துவராத வரிசை வந்தால் பிழை காட்டி நிற்கும். அந்தப் பிழையைத் திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது வரம். இருந்தாலும் வடிவத்தை எழுத்தில் கொடுத்துவிடுவதே நல்லது.

நேர மண்டலம் பற்றி யாரும் பேசுவதில்லை, அதையும் சொல்கிறேன். சீனா முழுவதற்கும் பெய்ஜிங் நேரம் ஒன்றுதான். பாண்டா வாழும் வோலோங் பகுதி ஏறக்குறைய 103 பாகை கிழக்கில் இருக்கிறது, அங்கே சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் ஒரு மணி தாண்டித்தான். ஆக 'விலங்கு எத்தனை மணிக்குச் சுறுசுறுப்பாக இருக்கிறது' என்று வரைபடம் போட்டால் எல்லாமே ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளி நிற்கும். பாண்டாஸில் டைம்ஜோன் மாற்றும் வசதி அருமையாக இருக்கிறது, ஆனால் அது கடிகாரத்தை மட்டும்தான் மாற்றும். சூரிய நேரத்தை நெடுங்கோட்டை வைத்து நாம்தான் கணக்குப் போட வேண்டும், ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ஒரு வரிதான்.

சரி, திட்டியது போதும். பாண்டாஸ் ஏன் இத்தனை வருடமாகக் கூடவே இருக்கிறது என்றால், நேரத்தைக் கையாளும் விதம். வெஸ் மெக்கின்னி 2008-ல் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் இருந்தபோது நிதித் தரவுக்காக எழுதத் தொடங்கியது இது. ஒழுங்கற்ற நேரங்களில் வரும் விலைகளைக் கோத்துப் பார்ப்பதற்கான கருவிகள் அப்படியே விலங்குக்கும் பொருந்திவிட்டன. ஜிபிஎஸ் பட்டை 2:07-க்கு ஓர் இடத்தைச் சொல்கிறது, வானிலைக் கருவி மணிக்கு ஒரு தடவை வெப்பநிலை சொல்கிறது. இரண்டையும் இணைக்க மெர்ஜ் ஏஸ்ஆஃப் என்ற ஒற்றை அழைப்பு போதும், அதற்கு முந்தைய கிட்டத்து நேரத்தைத் தேடி ஒட்டிவிடும். எவ்வளவு நேர வித்தியாசம் வரை ஏற்கலாம் என்கிற டாலரன்ஸ் கொடுக்க மறக்கக் கூடாது. கொடுக்காவிட்டால் வானிலைக் கருவி மூன்று நாள் செத்துக் கிடந்தாலும் பழைய வெப்பநிலையைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டு, பழையபடி மௌனம்.

கேமராப் படங்களில் இன்னொரு தினசரி வேலை. ஒரே மான் கேமரா முன்னால் நின்று புல் மேய்ந்தால் நாற்பது படம் விழும், அதை நாற்பது மான் என்று எண்ண முடியாது. முப்பது நிமிட இடைவெளி இருந்தால்தான் தனி நிகழ்வு என்பது பலரும் பின்பற்றும் வழக்கம். கேமரா, இனம், நேரம் என்று வரிசைப்படுத்தி, குரூப்பை என்ற கட்டளையால் கேமரா, இனம் வாரியாகக் குழுவாக்கி, டிஃப் கட்டளையால் அடுத்தடுத்த படங்களின் நேர வித்தியாசம் எடுத்து, முப்பது நிமிடத்துக்கு மேல் உள்ளதையும் ஒவ்வொரு குழுவின் முதல் வரிசையையும் வைத்துக்கொண்டால் முடிந்தது. எக்செல்லில் இதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஆனால் அந்த எண்ணிக்கையில் பூஜ்யம் இருக்காது. விலங்கு வராத கேமராவுக்கு வரிசையே கிடையாது, எனவே குரூப்பை அதைக் குழுவாகவே பார்க்காது, சராசரி எடுத்தால் விலங்கு வந்த இடங்களின் சராசரிதான் கிடைக்கும். கேமராக்களின் முழுப் பட்டியலைத் தனியாக வைத்துக்கொண்டு ரீஇண்டெக்ஸ் செய்து (அந்தப் பட்டியலுக்கேற்ப வரிசைகளை அமைத்து) பூஜ்யம் நிரப்ப வேண்டும். வரக்கூடிய மதிப்புகளின் பட்டியலைத் தன்னுடனே வைத்திருக்கும் கேட்டகரி வகை நெடுவரிசையை நம்பி இதைச் செய்துவந்தவர்கள் கவனிக்கவும்: முன்பு தானாகவே வெற்றுக் குழுக்கள் வந்துகொண்டிருந்தன, பாண்டாஸ் 3.0-ல் அப்சர்வ்டு (தரவில் உள்ள குழுக்களை மட்டும் காட்டு என்னும் அமைப்பு) என்பதன் இயல்பு மதிப்பு ட்ரூ ஆகிவிட்டது. பழைய நிரல் பிழை எதுவும் காட்டாமல் ஓடும், பூஜ்யங்கள் மட்டும் காணாமல் போயிருக்கும்.

அட்டவணையில் இல்லாதது முடிவை எப்படி மாற்றும் என்பதற்குப் பாண்டா கரடி எண்களே நல்ல பாடம். மூன்றாவது தேசியக் கணக்கெடுப்பில் 1,596, 2015-ல் வெளியான நான்காவதில் 1,864 (சிச்சுவான் 1,387, ஷான்ஷி 345, கான்சு 132). பிசிடி சேஞ்ச் போட்டால் 16.8 சதவீத உயர்வு என்று சட்டென்று வந்துவிடும். ஆனால் நான்காவது கணக்கெடுப்பு அலசிய பரப்பு முந்தையதைவிடப் பெரியது, அந்த நெடுவரிசை நம் அட்டவணையில் இல்லை. குட்டிகளும் கணக்கில் இல்லை, ஒன்றரை வயதுக்கு மேல்தான். எண்ணிய முறையோ இன்னும் சுவாரசியம்: கரடியை நேரில் பார்ப்பது அபூர்வம் என்பதால் சாணத்தில் கிடக்கும் மூங்கில் துண்டுகளின் நீளத்தை அளந்து, சராசரி வேறுபட்டால் வேறு கரடி என்று பிரிக்கிறார்கள், கூடவே டிஎன்ஏவும். 2016-ல் அழியும் ஆபத்தை வகைப்படுத்தும் ஐயுசிஎன் செம்பட்டியலில் இவை 'அருகிய இனம்' என்பதிலிருந்து ஆபத்து ஒரு படி குறைந்த நிலைக்கு மாறியதற்குப் பின்னால் இந்த எண்கள் இருக்கின்றன.

வேகம் பற்றிக் கேட்பீர்கள். படப் பட்டியல்கள், கணக்கெடுப்பு அட்டவணைகள் எல்லாம் சாதாரண மடிக்கணினியில் பாண்டாஸுக்குத் தூசு. பல வருட ஜிபிஎஸ் வரிசைகள் என்று வரும்போது நினைவகம் திணறும். அதற்கு இப்போது போலார்ஸ் என்ற இன்னொரு நூலகம் வைத்திருக்கிறேன், ரஸ்ட் மொழியில் எழுதியது, கணினியின் எல்லாக் கோர்களையும் பயன்படுத்தும், தரவு வகை விஷயத்தில் கறார். வரைபட வேலைக்கு ஜியோபாண்டாஸ் வேண்டும் என்பதால் வடிகட்டியதைத் திரும்பப் பாண்டாஸுக்கே கொண்டுவருகிறேன். முழுதாக மாறுங்கள் என்று சொல்ல மாட்டேன்.

பாண்டாஸ் 3.0-க்குப் போவதாக இருந்தால் நேரே தாவாதீர்கள். முதலில் 2.3-ல் ஓட்டி வரும் எச்சரிக்கைகளை எல்லாம் தீர்த்துக்கொள்ளுங்கள். வெட்டியெடுத்த அட்டவணைக்குள் மதிப்பு எழுதும் பழைய பழக்கம் இனி மூல அட்டவணையைத் தொடாது. லோக் போட்டு மூல அட்டவணையிலேயே நேராக எழுதிய நிரல் அப்படியே ஓடும், மற்றவற்றைத் திருத்தத்தான் வேண்டும்.