இரத்தப் பையில் மலேரியா: ஸ்லைடா, ரேபிட் கார்டா, நாட் சோதனையா?

இந்தியாவில் கொடையாகப் பெறும் ஒவ்வொரு பை இரத்தத்தையும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ் ஆகியவற்றோடு மலேரியாவுக்கும் பரிசோதித்த பின்னரே நோயாளிக்கு ஏற்ற வேண்டும் என்பது சட்டம். ஆனால் மலேரியாவை எந்த முறையில் தேடுவது என்பது இரத்த வங்கிக்கு இரத்த வங்கி வேறுபடுகிறது.

பழைய முறை ஸ்லைடு, அதாவது கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைப் பூசி நுண்ணோக்கியில் பார்ப்பது. செலவு குறைவு, எவ்வகை மலேரியா ஒட்டுண்ணி என்பதையும் காட்டிவிடும். ஆயினும் ஜீம்சா என்ற சாயமிட்ட தடித்த பூச்சில் நூறு புலங்களை (நுண்ணோக்கியில் ஒரு முறைக்குத் தெரியும் வட்டங்களை) பொறுமையாகப் பார்த்தாலும், கண்ணுக்குட்பட்ட இரத்தம் ஏறத்தாழக் கால் மைக்ரோலிட்டர்தான். மைக்ரோலிட்டருக்கு ஓர் ஒட்டுண்ணி வீதம் இருந்தால், 350 மி.லி. பையில் மூன்றரை லட்சம் ஒட்டுண்ணிகள் இருக்கும். ஸ்லைடிலோ ஒன்றுகூட அகப்படாமல் போகலாம். நலமாக நடந்து வந்து கொடுப்பவரின் இரத்தத்தில் எண்ணிக்கை பெரும்பாலும் இப்படித்தான் குறைந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை முகாம் முடிந்து ஸ்லைடுகள் குவியும்போது நூறு புலங்கள் பார்க்க யாருக்கு நேரம்?

ஒரு துளி இரத்தத்தில் ஒட்டுண்ணியின் புரதத்தைத் தேடும் ரேபிட் கார்டு சுமார் இருபது நிமிடத்தில் கோடு காட்டும். மைக்ரோலிட்டருக்கு நூறு, இருநூறு ஒட்டுண்ணிகளாவது இருந்தால்தான் அதை நம்பலாம் என்பதால், தேர்ந்த கண்ணை அது மிஞ்சாது. எச்.ஆர்.பி.2 என்ற புரதத்தை மட்டும் தேடும் கார்டு, மலேரியா ஒட்டுண்ணி வகைகளுள் பால்சிபேரத்தைத்தான் பிடிக்கும். மற்றொரு வகையான வைவாக்ஸே மிகுதியாக இருந்துவந்த சென்னை போன்ற ஊருக்கு அதை வாங்குவது வீண்செலவு. வைவாக்ஸையும் காட்டும் எல்.டி.எச். என்ற நொதிக்கான கோடும் உள்ள இருவகைக் கார்டானால், அவசரத்தில் பார்த்த ஸ்லைடைவிட அதையே நான் தேர்வேன். ஏனெனில் மாலை ஐந்து மணிக்கும் அதற்குக் களைப்பு வராது.

பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா ஆகியவை மலேரியா நாடுகளுக்குச் சென்று திரும்பிய கொடையாளர்களிடம் சில மாதங்கள் கழித்து எதிர்ப்புரதச் சோதனை (தொற்றை எதிர்த்து உடல் உருவாக்கி, தேறிய பின்னும் இரத்தத்தில் தங்கும் புரதத்தைத் தேடுவது) செய்து, அவர்களை மீண்டும் ஏற்கின்றன. அங்கே அது பொருத்தமானது. ஒடிசாவின் மலைப்பகுதிகளில் அதைக் கொண்டுவந்தால், எப்போதோ காய்ச்சல் கண்டு தேறியவர்களையெல்லாம் திருப்பி அனுப்ப நேரும்; புதிதாகத் தொற்றியவரோ தப்பிவிடுவார்.

நுட்பத்தில், ஒட்டுண்ணியின் மரபுப்பொருளையே பெருக்கித் தேடும் நாட் (NAT) சோதனைக்கு நிகரில்லை. ஓர் ஒட்டுண்ணிக்குள் ரைபோசோம் ஆர்.என்.ஏ. என்ற அந்த மரபுப்பொருளின் பிரதிகள் ஆயிரக்கணக்கில் இருப்பதால், மற்ற முறைகள் தவறவிடும் அளவையும் அது பிடிக்கிறது. அதுவரை கொடையாளரிடம் கேள்வி கேட்டு விலக்குவதையே நம்பியிருந்த அமெரிக்காவில், ரோஷ் நிறுவனத்தின் கோபாஸ் மலேரியா என்ற நாட் சோதனைக்கு 2024 மார்ச்சில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஒப்புதல் கிடைத்தது. எச்.ஐ.வி.க்காக நாட் கருவியை ஏற்கெனவே இயக்கும் நம் பெரிய மையங்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்; மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு இன்றைய நிலையில் அது எட்டாத செலவு.

ஆகவே மாவட்ட மருத்துவமனைகளில் இருவகைக் கார்டும், அண்மையில் காய்ச்சல் வந்ததா, எங்கே போய்வந்தீர்கள் என்ற கேள்விகளும்தான் வழி. இரத்தம் குளிர்பெட்டியில் இருப்பதால் ஒட்டுண்ணி உடனே செத்துவிடாது. அதனால் இரத்தம் ஏற்றிய சில வாரங்களுக்குள் நோயாளிக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால், பையின் சோதனை முடிவு எதுவாக இருந்தாலும் மருத்துவர் மலேரியாவுக்கு மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும்.