செட்டாப் பாக்ஸுக்கு முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

நேற்று ராத்திரியிலிருந்து மனசு ஆறவில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் யாராவது படித்துத் தப்பித்தால் போதும் என்றுதான் எழுதுகிறேன். என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். போனது 3,600 ரூபாய்.

ஆத்தங்குடிப் பக்கம் எங்கள் ஊர். அவ்வளவு பெரிய வீட்டில் ஆத்தாவும் சின்னாத்தாவும் மட்டும்தான். இரண்டு பேருக்கும் தனித்தனி டிவி. கேபிள்காரர் புது ஆள் இல்லை. கொடைக்கானல் டவரைப் பார்த்து மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக் கட்டிய காலத்திலிருந்து வீட்டுக்கு வந்து போகிறவர்.

2015 டிசம்பரில் ஒரு நாள் வந்து முகப்பில் உட்கார்ந்திருக்கிறார். ஆத்தா காப்பி கொடுத்திருக்கிறார்கள். சட்டைப் பையிலிருந்து ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்துக் காட்டி, "டிசம்பர் 31 ராத்திரியோட அனலாக்கை நிறுத்துறாங்க ஆச்சி. பாக்ஸ் இல்லாத டிவி எல்லாம் இருட்டாயிரும். அப்புறம் தட்டுப்பாடு வரும், இப்பவே பதிஞ்சு வச்சுக்கங்க" என்றாராம். ஒரு பெட்டி 1,800, இரண்டுக்கு 3,600.

ஆத்தா உடனே கொடுத்துவிடவில்லை. என்னைத்தான் போனில் கூப்பிட்டுக் கேட்டார்கள். "நம்ம ஆளுதானே, குடுத்துருங்க ஆத்தா" என்று சொன்னது நான். ஏழு ஐந்நூறு ரூபாய்த் தாள், ஒரு நூறு. ரசீது கேட்டதற்கு மாதச் சந்தா அட்டையின் பின்பக்கம் பென்சிலால் 'அட். 3600' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கையெழுத்து இல்லை, தேதி இல்லை.

அந்தச் செய்தித்தாள் துண்டில் இருந்தது பொய்யில்லை. ஆனால் 2015 டிசம்பர் 31 என்பது, கேபிள் டிவியை டிஜிட்டலுக்கு மாற்றுகிற திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கான கெடு. காரைக்குடி, தேவகோட்டை மாதிரி நகரங்களுக்கு உரியது. எங்கள் ஊர் மாதிரி கிராமங்கள் நான்காம் கட்டம், அதற்குக் கெடு 2016 டிசம்பர் 31. ஒரு வருஷம் கழித்து வரப்போகிற கெடுவைக் காட்டி வயசான இரண்டு பேரைப் பயமுறுத்தியிருக்கிறார். இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் இழுத்தடிப்புதான். பொங்கலுக்குக் கேட்டால், "கோர்ட்டுல ஸ்டே வாங்கியிருக்காங்கண்ணே". பல மாநிலங்களில் அந்தக் கெடுவுக்கு அப்படித் தடை வாங்கியதும் உண்மைதான், அதனால் நம்பினேன். 2016 நவம்பரில் பணத்தையாவது திருப்பிக் கொடுங்கள் என்றால், "பேங்க்குல பணமே எடுக்க முடியலையே". டிசம்பரில் மத்திய அரசு எங்கள் கட்டத்தை 2017 மார்ச் 31 வரை தள்ளிப் போட்டது. அதற்கும், "அரசாங்கமே தள்ளிப் போடுது, நான் என்ன பண்றது?" மார்ச்சும் போனது. மாநில அரசின் நிறுவனமான அரசு கேபிள் 2012இல் கேட்ட டிஜிட்டல் லைசென்ஸ் 2017 ஏப்ரலில்தான் கிடைத்தது. கெடு தள்ளிப் போனதெல்லாம் உண்மை. ஆனால் கெடு தள்ளிப் போனால் என் 3,600 ரூபாயை ஏன் வைத்திருக்க வேண்டும்? அதற்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை.

நேற்றுதான் உச்சம். அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, மாட்டுவதற்கு 500 ரூபாய் கேட்டிருக்கிறார். "அந்த 3,600 என்னாச்சு தம்பி?" என்று ஆத்தா கேட்டதற்கு, "அது பழைய கம்பெனிக்குக் கட்டினது ஆச்சி, அவன் ஓடிப்போயிட்டான்" என்றாராம். எந்தக் கம்பெனி? பேர் சொல்லவில்லை. நான் போன் செய்தால் எடுக்கவில்லை. ஆறு தடவை அடித்துவிட்டேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. பெட்டி கைக்கு வராமல் பத்துப் பைசா கொடுக்காதீர்கள். விண்ணப்பப் படிவத்தில் பெட்டியின் எண்ணை எழுதச் சொல்லி ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பில் இல்லாமல் பணம் வேண்டாம். யாராவது கெடுத் தேதி சொன்னால், அது உங்கள் ஊருக்கு உரியதா என்று முதலில் கேளுங்கள். ஊரில் தனியாக இருக்கிற அப்பச்சி ஆத்தாவுக்கு இன்றே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன். அந்த அட்டையைப் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பென்சில் எழுத்து லேசாக அழிந்திருக்கிறதாம், ஆனால் 3600 தெரிகிறது என்கிறார்கள் ஆத்தா.