1,450 டாலர் கட்டிய பிறகுதான் தெரிந்தது, அந்த ஆய்விதழே போலி

மருத்துவ ஆய்வுக் கட்டுரை அனுப்பப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அனுப்புங்கள். மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை, கோர்வையாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதியவரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு வாசகருக்கு இலவசமாகத் தரும் ஆய்விதழ்கள் இருக்கின்றன அல்லவா, அந்த வகைத் தளம் ஒன்றில் 1,450 டாலரைத் தொலைத்திருக்கிறேன். கூடவே மூன்று வருட உழைப்பும் போய்விட்டது.

என் எச்-இண்டெக்ஸ் 6. அதாவது, குறைந்தது ஆறு ஆறு முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் ஆறு இருக்கின்றன. 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு இது. இன்று பதவி உயர்வா, ஆய்வு நிதியா, முதலில் இந்த எண்ணைத்தான் கேட்கிறார்கள். நீரிழிவால் காலில் புண் வந்த 212 பேரைத் தொடர்ந்து கவனித்து எழுதிய கட்டுரை என்னிடம் இருந்தது. நல்ல இதழில் வந்தால் நாலு பேர் எடுத்துக் காட்டுவார்கள் என்று ஆசைப்பட்டேன். அந்த நேரம் பார்த்து, என் பழைய கட்டுரை ஒன்றின் தலைப்பைச் சொல்லிப் பாராட்டி ஒரு மின்னஞ்சல். அதிலிருந்த சுட்டியைத் திறந்தால் எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரிந்த இதழின் பெயர், அதே அட்டை, அதே ஐஎஸ்எஸ்என் எண் (ஒவ்வொரு இதழுக்கும் தரப்படும் அடையாள எண்), ஆசிரியர் குழுவில் நான் மதிக்கும் பேராசிரியர்கள்.

அப்போதும் தயங்கிக்கொண்டுதான் இருந்தேன். கட்டுரையை அனுப்பிய மறுநாள் அங்கிருந்து ஒருவர் எழுதினார்: "அட்டவணை 3இல் இரண்டாவது பத்தியின் சதவீதங்களைக் கூட்டினால் 103 வருகிறது, சரிபாருங்கள்." பார்த்தேன், உண்மைதான். நானும் என்னோடு எழுதிய இளைய மருத்துவரும் பத்து தடவை படித்தும் கண்ணில் படாத பிழை. இவ்வளவு கவனமாகப் படிக்கிறவர்கள் ஏமாற்றுவார்களா? அந்த ஒரு வரியில் விழுந்துவிட்டேன். ஆறே நாளில் மதிப்பாய்வு முடிந்தது, இரண்டே வரிக் கருத்து, ஏற்பு. 1,450 டாலர் அனுப்பினேன். ரசீதில் பதிப்பகத்தின் பெயரே இல்லை, சம்பந்தமில்லாத வேறு ஏதோ பெயர் இருந்தது. அதையும் இப்போதுதான் கவனிக்கிறேன்.

கட்டுரை தளத்தில் ஏறியது. டிஓஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிரந்தர இணைய அடையாளத்தை, தட்டினால் அப்படி ஒன்று இல்லை என்று வந்தது. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெடில் இல்லை, கட்டுரைகளையும் மேற்கோள்களையும் கணக்கெடுக்கும் ஸ்கோபஸில் இல்லை. கேட்டால் "எட்டு வாரம் ஆகும்" என்றார்கள். எட்டு வாரம் கழித்துக் கேட்டால் "தொழில்நுட்பக் குழு பார்க்கிறது". அப்புறம் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயரில் அதே பதில், முந்தைய கடிதங்களை ஒருவரும் படித்ததாகவே தெரியவில்லை. கடைசியில் உண்மையான இதழின் அலுவலகத்துக்கு நேராக எழுதினேன். எங்கள் பெயரில் போலித் தளம் நடக்கிறது, உங்கள் கட்டுரை எங்களிடம் வரவே இல்லை என்றார்கள்.

சரி, கட்டுரையையாவது திருப்பித் தாருங்கள் என்று போலித் தளத்திடம் கேட்டேன். எடுத்துவிட இன்னொரு 600 டாலர் வேண்டுமாம்! ஏற்கெனவே 1,450 டாலரை விழுங்கியவர்கள் கேட்கிறார்கள். எடுக்காவிட்டால் வேறு இதழ்கள் "முன்பே வெளியானது" என்று திருப்பி அனுப்பக்கூடும். ஸ்கோபஸில் ஏறாத கட்டுரையை யார் மேற்கோள் காட்டினாலும் அங்கே என் கணக்கில் அது சேராது. என்னோடு எழுதியவருக்கு இது முதல் கட்டுரை. அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. மின்னஞ்சலில் வரும் சுட்டி வழியாக எந்த இதழுக்கும் போகாதீர்கள், பப்மெடில் இதழைத் தேடி அங்கிருந்து போங்கள். ஐஎஸ்எஸ்என் இருப்பதால் மட்டும் நம்பாதீர்கள், அதை அப்படியே நகலெடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். பணம் கட்டும் முன் அந்த இதழின் சமீபத்திய கட்டுரைகள் நாலைந்தின் டிஓஐயைத் திறந்து பாருங்கள். திரும்பப் பெறக் கட்டணம் கேட்டால் கட்டாதீர்கள்.

1,450 டாலரைத் திருப்பிக் கேட்டு வங்கிக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் இதிலேயே சேர்க்கிறேன்.