விரலா, வாமி பாரா, ஸ்லைடா, பெடலா? ராக் சோலோவில் சுரம் வளையும் விதங்கள்

ஒரு சோலோவைக் கேட்டுக் கேட்டு வாசிக்க உட்கார்ந்தால் சுரங்கள் எல்லாம் ஒருவழியாகக் கிடைத்துவிடும், ஆனால் அந்த இழுவை மட்டும் வராது. எனக்கு ரொம்ப நாள் இதுதான் நடந்தது. விரலில் பலம் போதவில்லை என்று நினைத்து, நுனி எரிய எரிய கம்பியை மேலே தள்ளிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, நான் கையால் மல்லுக்கட்டிய இடத்தை ரெக்கார்டில் அவர் காலால் செய்திருக்கிறார். பிங்க் ஃபிளாய்டின் 'தி டிவிஷன் பெல்' ஆல்பத்தில் (1994) வரும் 'மரூன்ட்' தான் அந்தப் பாட்டு. டேவிட் கில்மோர் அதில் டிஜிடெக் வாமி பெடலை மிதித்து சுரத்தை ஒரு முழு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, மேலே தூக்குகிறார். நான் செய்துகொண்டிருந்தது ஏணி வைத்து நிலாவுக்குப் போகிற வேலை.

ஏன் என்று கணக்கும் சொல்லிவிடலாம். கம்பியின் அதிர்வெண் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒரு ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் பதித்த உலோகக் கோடு, ஒன்றுக்கு அரைச் சுரம்) அளவு ஏற்ற இழுவிசையை சுமார் 12 சதவீதம் கூட்டினால் போதும். இரண்டு ஃப்ரெட் என்றால் 26 சதவீதம், நாலு ஃப்ரெட் என்றால் 59 சதவீதம். ஒரு ஆக்டேவ், அதாவது 12 ஃப்ரெட் என்றால் நாலு மடங்கு. இரண்டு ஃப்ரெட் எல்லாரும் இழுப்பார்கள், நாலு ஃப்ரெட் இழுக்கக் கொஞ்சம் திமிர் வேண்டும், அதற்கு மேல் போகப்போக ஒன்று விரல் தோற்கும், இல்லையென்றால் கம்பி.

ஆக, "எது சிறந்தது" என்று கேட்பதற்கு முன்னால் ரெக்கார்டில் கேட்பது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் மூன்று கேள்வி வைத்திருக்கிறேன். சுரம் மேலே போகிறதா, கீழேயா? ஒரு கம்பி மட்டும் நகர்கிறதா, எல்லாம் சேர்ந்தா? நடுக்கம், அதாவது வைப்ரேட்டோ, சுரத்துக்கு மேலே மட்டும் போய்வருகிறதா, இரண்டு பக்கமும் ஆடுகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பெரும்பாலும் ஆள் மாட்டிவிடுவார்.

முதலில் விரல். என் ஓட்டு எப்போதும் இதற்குத்தான், அதை மறைக்கப் போவதில்லை. விரலால் இழுத்தால் கம்பி இறுகத்தான் செய்யும், தளராது, அதனால் அழுத்திய சுரத்தை மேலே மட்டும்தான் கொண்டுபோக முடியும். கீழே இறங்குகிற மாதிரி கேட்க வேண்டுமென்றால் சத்தம் வருவதற்கு முன்பே கம்பியை இழுத்து வைத்து, மீட்டி, மெதுவாக விட வேண்டும். இந்த முன்கூட்டி இழுக்கிற வேலைதான் எல்லாவற்றிலும் கஷ்டம், ஏனென்றால் எவ்வளவு இழுத்திருக்கிறோம் என்று காது சொல்வதற்குள் விரலே தெரிந்து வைத்திருக்க வேண்டும். கமகத்தில் ஊறிய காதுக்கு இது ஒன்றும் புதிதில்லை, ஆனால் காது தெரிந்துவைத்திருப்பது வேறு, விரல் தெரிந்துவைத்திருப்பது வேறு.

ஆல்பர்ட் கிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். இடதுகைக்காரர், கிட்டாரைத் திருப்பிப் பிடித்தார், ஆனால் கம்பிகளை மாற்றிக் கட்டவில்லை. அதனால் மெல்லிய கம்பிகள் அவருக்கு மேல்பக்கம் வந்தன, மற்றவர்கள் மேலே தள்ளுகிற இடத்தில் அவர் கீழே இழுத்தார். கையின் இயல்பான பிடிப்பே அந்தத் திசையில்தான், அதனால்தான் அவருடைய இழுவைகள் அவ்வளவு அகலம். அவரைப் பார்த்து வளர்ந்த ஸ்டீவி ரே வான் 13 கேஜ், அதாவது தடித்த, கம்பி போட்டு வாசித்தவர். இதைக் கேட்டுவிட்டு நாமும் தடித்த கம்பி போட்டால் அதே டோன் வரும் என்று கிளம்பியவர்கள் நிறைய பேர். அவர் கிட்டாரை ஒரு ஃப்ரெட் அளவு தளர்த்தி டியூன் செய்திருந்தார் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். 9 அல்லது 10 கேஜ் போட்டு வாசிப்பதில் எந்த வெட்கமும் இல்லை. 1960களின் தொடக்கம் வரை மெல்லிய கம்பி செட்டே சுலபத்தில் கிடைக்காமல், முதல் கம்பிக்கு பாஞ்சோ கம்பியைப் போட்டு இழுத்தவர்கள் இருந்தார்கள். மூன்றாவது கம்பி அப்போது சுற்றுக் கம்பியாக இருந்ததால் அதை இழுப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

விரலுக்கு இன்னொரு எதிரி ஃப்ரெட்போர்டின் வளைவு. பழைய ஃபெண்டர் கிட்டார்களில் வளைவின் ஆரம் 7.25 அங்குலம், அதாவது நல்ல உருண்டை. மேல் ஃப்ரெட்களில் பெரிதாக இழுத்தால் கம்பி நடுமேட்டில் உரசி சத்தம் செத்துவிடும். கிப்சனில் 12 அங்குலம், கொஞ்சம் தட்டை, அதனால் இழுவை தடையில்லாமல் போகும். கில்மோர் 1979ல் 'அனதர் பிரிக் இன் தி வால்' இரண்டாம் பாகத்தின் சோலோவை வாசித்தது வழக்கமான ஃபெண்டர் ஸ்ட்ராட்டில் (ஸ்ட்ராடோகாஸ்டர்) இல்லை, கிப்சனின் லெஸ் பாலில். ஒரு சுரத்துக்கு இழுத்து, அங்கே நின்று, விடாமல் அதற்கும் மேலே தள்ளுகிறாரே, அது முழுக்க விரல்.

அந்த "நின்று மேலே தள்ளுகிற" இடத்தில்தான் விரல் மற்ற மூன்றையும் தோற்கடிக்கிறது என்பேன். கம்பி திமிறுகிறது, விரல் விடமாட்டேன் என்கிறது, அந்தப் போராட்டம் சத்தத்தில் கேட்கிறது. கொஞ்சம் சுருதி குறைந்து போய்ச்சேர்வது, சேர்ந்தபின் நடுங்குவது, எல்லாமே ஆளுக்கு ஆள் வேறு. குறைந்தே நின்றுவிட்டால் மட்டும் கேட்க சகிக்காது. இப்படி இழுத்து பெண்ட் செய்கிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேரின் குற்றம் அதுதான், என்னையும் சேர்த்து.

அடுத்து வாமி பார், அதாவது கம்பிகளைக் கீழ்முனையில் தாங்கும் பிரிட்ஜில் மாட்டிய கைப்பிடி. இதை டிரெமோலோ என்று அழைப்பது ஒரு பெரிய குழப்பம். டிரெமோலோ என்றால் சத்தம் கூடிக்குறைவது, சுருதி ஏறி இறங்குவது வைப்ரேட்டோ. 1954ல் ஸ்ட்ராடோகாஸ்டர் வந்தபோது லியோ ஃபெண்டர் அதன் பிரிட்ஜுக்கு டிரெமோலோ என்று பெயர் வைத்தார், அவருடைய ஆம்ப்ளிஃபையர்களிலோ சத்தம் ஏறி இறங்கும் வசதிக்கு வைப்ரேட்டோ என்று எழுதினார்கள். நேர் தலைகீழ். எழுபது வருடமாக யாரும் திருத்தவில்லை, இனிமேலும் திருத்தப் போவதில்லை.

பாரை அழுத்தினால் பிரிட்ஜ் முன்னால் சாய்ந்து எல்லாக் கம்பியும் ஒன்றாகத் தளரும். ஆக இதன் பலம் கீழே இறங்குவது, முழுக் கார்டையும் (ஒன்றாக ஒலிக்கும் பல சுரங்களை) சேர்த்து ஆட்டுவது. விரலால் இந்த இரண்டும் முடியாது. மை பிளடி வேலன்டைனின் 'லவ்லெஸ்' (1991) முழுக்க கெவின் ஷீல்ட்ஸ் பாரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கார்டுகளை அடிக்கிறார், அந்தத் தள்ளாட்டம் அப்படி வந்ததுதான், டேப் கோளாறு இல்லை. இன்னொரு கோடியில் ஜெஃப் பெக். 1989ல் வந்த 'வேர் வேர் யூ'வில் ஹார்மோனிக்குகளை (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எடுக்கும் மணியோசைச் சுரங்களை) தொட்டுவிட்டு, மீதி மெட்டை பாராலேயே பிடித்துக் கொண்டுபோகிறார். எந்த இடத்தில் பாரை எவ்வளவு அழுத்தினால் எந்தச் சுரம் என்பதற்குக் கோடோ குறியோ கிடையாது. நான் முயன்று பார்த்ததில் இரண்டு சுரம் சரியாக வந்தது, மூன்றாவதில் பக்கத்து அறையிலிருந்து கதவைச் சாத்தினார்கள்.

பாரின் வியாதி, சுருதி நிற்காதது. அழுத்தி விட்டதும் கம்பி நட்டில், அதாவது கழுத்தின் மேல்முனையில் கம்பியைத் தாங்கும் துண்டில், சிக்கி பழைய இடத்துக்கு வராது. நட் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்ப்பது பழைய வைத்தியம், ஓரளவு வேலை செய்யும். எடி வான் ஹேலன் 1978ல் 'எரப்ஷன்' வாசித்தது இந்த மாதிரிப் பூட்டில்லாத பிரிட்ஜில்தான், நிறைய பேர் அதை ஃபிளாய்ட் ரோஸ் என்று நினைக்கிறார்கள். ஃபிளாய்ட் ரோஸ் கம்பியை நட்டிலும் பிரிட்ஜிலும் இரண்டு பக்கமும் பூட்டியவர். அதன் பிறகு கம்பி தொளதொளவென்று தொங்கும் வரை அழுத்திவிட்டுத் திரும்பி வரலாம். டைம்பேக் டேரல் பாரை முதலில் இறக்கி, மூன்றாவது கம்பியை லேசாகச் சுண்டி, ஹார்மோனிக்கைத் தொட்டு, பாரை மேலே விடுவார். பன்டேராவின் 'செமட்டரி கேட்ஸ்' (1990) முடிவில் அலறுவது அதுதான்.

ஆனால் இலவசமாக எதுவும் கிடைக்காது. மிதக்கும், அதாவது ஸ்பிரிங் பலத்தில் நிற்கும், பிரிட்ஜில் ஒரு கம்பியை விரலால் இழுத்தால் பிரிட்ஜே கொஞ்சம் சாய்ந்து மற்ற கம்பிகள் சுருதி இறங்கிவிடும், அதனால் ஒரு கம்பியை இழுத்து இன்னொன்றை அப்படியே ஒலிக்கவிடுகிற வாசிப்பு அசிங்கமாகக் கேட்கும். ஒரு கம்பி அறுந்தால் மீதி ஐந்தும் சுருதி போய்விடும். என் முதல் எலக்ட்ரிக் கிட்டாரில் இந்தப் பூட்டுப் பிரிட்ஜ்தான் இருந்தது, முதல் முறை கம்பி மாற்ற ஒரு முழு ஞாயிறு போனது. புதிதாக ஆரம்பிக்கிறவர் யாராவது கேட்டால் வேண்டவே வேண்டாம் என்றுதான் சொல்வேன். பிக்ஸ்பி என்கிற வாமி பார் தனி ரகம், லேசாக அலைய மட்டும்தான் விடும், தலைகுப்புற விழ விடாது. அது போதும் என்பவர்களுக்கு அது போதும்.

ஸ்லைடைப் பற்றி நியாயமாகச் சொன்னால் அது வேறொரு வாத்தியம். கண்ணாடி அல்லது உலோகக் குழாயை விரலில் மாட்டி கம்பியின் மேல் தொட்டபடி நகர்த்துகிறோம், ஃப்ரெட்டில் அழுத்துவதே இல்லை. அதனால் ஃப்ரெட்களுக்கு இடையில் இருக்கும் சுரமெல்லாம் கிடைக்கும், நடுக்கம் சுரத்தின் இரண்டு பக்கமும் ஆடும், மனிதக் குரலுக்கு இதைவிட நெருக்கமாக எதுவும் வராது. டுவேன் ஆல்மன் கோரிசிடின் மாத்திரை வந்த சின்ன கண்ணாடிக் குப்பியையே ஸ்லைடாக வைத்திருந்தார். 1970ன் 'லைலா'வின் கடைசியில் பறவை கீச்சிடுவதுபோல் வரும் சுரங்கள் அவர் ஃப்ரெட்போர்டைத் தாண்டிப் போய் வாசித்தவை. அங்கே ஃப்ரெட்டே கிடையாது, விரல் எதை அழுத்தும்?

கஷ்டம் என்னவென்றால், குழாய் நேரானது. எல்லாக் கம்பியையும் ஒரே நேர்கோட்டில்தான் தொடும், ஆகவே வழக்கமான கார்டுகள் போச்சு, கிட்டாரையே ஓப்பன் டியூனிங்கில் (எதையும் அழுத்தாமலே ஒரு கார்டு ஒலிக்கும்படி) வைத்தால்தான் வசதி. கம்பிகள் கொஞ்சம் உயரமாகவும் இருக்க வேண்டும். ஸ்லைடுக்குப் பின்னால் இருக்கும் விரல்கள் கம்பியை மெல்லத் தொட்டு இரைச்சலை அடக்காவிட்டால் ரெக்கார்டில் தகர டப்பா உருட்டுகிற சத்தம்தான் விழும். கில்மோர் இதற்கென்று மடியில் கிடத்தி வாசிக்கும் லேப் ஸ்டீலையே எடுத்துக்கொள்வார். 'மரூன்ட்' இருக்கும் அதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'ஹை ஹோப்ஸ்', அதன் சோலோ லேப் ஸ்டீல். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், ஒன்றில் சுரம் வழுக்குகிறது, இன்னொன்றில் தூக்கப்படுகிறது.

பெடலைப் பற்றி நான் கொஞ்சம் கறாராகத்தான் பேசுவேன். வாமி பெடல் கம்பியைத் தொடுவதே இல்லை, வருகிற சிக்னலை டிஜிட்டலாகக் கணக்கிட்டு வேறு சுருதியில் திருப்பித் தருகிறது. கால் குதிகாலில் இருந்தால் அசல் சுரம், நுனிக்குச் சென்றால் நீங்கள் தேர்ந்தெடுத்த இடைவெளி, ஒரு ஆக்டேவோ இரண்டோ. இரண்டு முனையும் அச்சாக நிற்கும், தவறவே தவறாது. அதுதான் அதன் பலம், எனக்கு அதுதான் அலுப்பும். மேலே போகப்போக டோன் மெலிந்து பொம்மைக்குரல் ஆகிவிடுகிறது. பழைய மாடல்களில் இரண்டு மூன்று சுரத்தைச் சேர்த்துக் கொடுத்தால் பெடல் குழம்பி உளறும். சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்தால் ஓரளவு பிழைக்கும், பின்னால் வைத்தால் ஏற்கெனவே கலங்கிய சத்தத்தை அது இன்னும் கலக்கும்.

ஆனால் அந்த இயந்திரத்தனமே வேண்டும் என்பவருக்கு இதைவிட நல்லது இல்லை. டாம் மொரெல்லோ 'கில்லிங் இன் தி நேம்' (1992) சோலோவில் சுரங்களை ஆக்டேவுக்கு ஆக்டேவ் தூக்கியெறிவது கிட்டாரை கிட்டாராகக் கேட்கவிடக்கூடாது என்பதற்காகவே. கீழ்ப்பக்கமும் போகலாம். 'செவன் நேஷன் ஆர்மி'யில் (2003) பேஸ் கிட்டார் என்று எல்லாரும் சத்தியம் செய்வது ஜாக் வைட்டின் கிட்டார், வாமியில் ஒரு ஆக்டேவ் இறக்கியது.

இந்த நாலுக்கும் வெளியே சில குறுக்குவழிகள். நட்டுக்குப் பின்னால், டியூனிங் கீ பக்கம், கம்பியை அழுத்தினால் திறந்த கம்பியே மேலே ஏறும். ஜிம்மி பேஜ் 1969ன் 'ஹார்ட்பிரேக்கர்' சோலோவில் அதைச் செய்கிறார். கிளாரன்ஸ் வைட்டும் ஜீன் பார்சன்ஸும் உருவாக்கிய பி-பெண்டரில் கிட்டார் கழுத்தைக் கீழே தள்ளினால் தோளில் மாட்டிய வார் உள்ளே இருக்கும் நெம்புகோலை இழுத்து இரண்டாவது கம்பியை மட்டும் இரண்டு ஃப்ரெட் ஏற்றும். கேட்க அழகு, ஆனால் கிட்டாரைக் குடைய மனசு வர வேண்டும்.

ஸ்டூடியோ என்பதையும் மறக்க வேண்டாம். மேடையில் பாரை அமுக்கி சுருதி போனால் போனதுதான், ரெக்கார்டிங்கில் ஒவ்வொரு டேக்குக்கும் நடுவே டியூன் செய்துகொள்ளலாம். பிங்க் ஃபிளாய்டின் 'கம்ஃபர்டப்ளி நம்ப்' கடைசி சோலோவே பல டேக்குகளில் நல்லதைப் பொறுக்கிச் சேர்த்ததுதான். நம் வீட்டில் ஒரே மூச்சில் அத்தனை இழுவையும் அச்சாக வரவில்லையே என்று அழுவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளலாம்.

சரி, 'மரூன்ட்' கதைக்கு வருகிறேன். பெடல் இன்னும் வாங்கவில்லை. அந்த இடத்தை இப்போது ஸ்லைடால் வாசிக்கிறேன், ஒரே கம்பியில் 5வது ஃப்ரெட்டிலிருந்து 17வது வரை ஒரே ஓட்டம். ஏறுகிற வழியெல்லாம் பரவாயில்லை, தெரியாதவர்கள் ஏமாந்துவிடுவார்கள். உச்சியில்தான் மாட்டிக்கொள்கிறேன், பெடல் அங்கே டக்கென்று நிற்கிறது, என் ஸ்லைடு ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை தாண்டிப்போய்விட்டுத் திரும்பி வருகிறது.