தேக்கடிப் படகுச் சவாரி: எந்த மாதம், எந்தப் படகு, எந்த இருக்கை

தேக்கடிப் படகைப் பற்றி விசாரித்தால் இரண்டே விதமான பதில்தான் வரும். "குட்டியோட யானைக் கூட்டம் பார்த்தோம், அருமை" என்பார் ஒருவர். "ஒன்றரை மணி நேரம் தண்ணியையும் பட்ட மரத்தையும் பார்த்துட்டு வந்தோம், காசு தண்டம்" என்பார் இன்னொருவர். இருவரும் போனது ஒரே ஏரிக்குத்தான். அன்றைக்கு ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருந்தது, எத்தனை மணிப் படகில் ஏறினார்கள் என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

டிக்கெட் எடுக்கும்போது நீர்மட்டத்தை யாரும் நினைப்பதே இல்லை. இந்த ஏரி 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீர்த்தேக்கம். பென்னிகுயிக்கின் அணை என்றால் கம்பம் பள்ளத்தாக்கில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அணையின் நீர்மட்டம் தேனி, மதுரை நாளிதழ்களில் தினமும் அடிக்கணக்கில் வருகிறது. உச்ச நீதிமன்றம் 2014இல் அனுமதித்த உச்ச அளவு 142 அடி. 104 அடிக்குக் கீழே போனால் தமிழகப் பக்கம் தண்ணீர் எடுக்க முடியாது. படகில் போகிறவர்களுக்கும் இந்த எண் உதவும். 130 அடிக்கு மேல் நிற்கிறது என்றால் தண்ணீர் காட்டின் காலடிவரை ஏறியிருக்கும். யானை கரைக்கே வந்தாலும் மரத்துக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிற அசைவாகத்தான் தெரியும். மட்டம் 115, 120 என்று இறங்கினால் கரையோரம் அகலமான சரிவு வெளியே வந்து அதில் புல் முளைக்கும். அந்தப் புல்லுக்குத்தான் காட்டுமாடும் மிளா மானும் பன்றியும் வெட்டவெளிக்கு வருகின்றன. காட்டுக்குள் குட்டைகள் வற்றும் மார்ச், ஏப்ரலில் புல்லும் தாகமும் சேர்ந்துகொள்ளும். மழை குறைந்த வருடங்களில் பிப்ரவரியிலேயே இப்படி ஆகிவிடும், கோடை மழை முந்திக்கொண்டால் ஏப்ரலில்கூட ஏமாற்றும். அதனால் காலண்டரைவிட நாளிதழை நம்பலாம்.

ஜூனுக்குப் பிறகு தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் காடு முழுக்கத் தண்ணீர்தான். விலங்குகளுக்கு ஏரிப்பக்கம் வர வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் ஏரி அழகாக இருப்பது அப்போதுதான். மழை ஓய்ந்த மறுநாள், மலைச்சரிவில் மேகம் இறங்கி நிற்கும்போது போனால் ஒரு மிருகம்கூடத் தெரியாவிட்டாலும் போனது வீணாகாது. விலங்கா, ஏரியா என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு போவது நல்லது.

அடுத்தது நேரம். முதல் படகு காலை ஏழரைக்கு, கடைசிப் படகு மாலை மூன்றரைக்கு. இந்த இரண்டில் ஒன்றை எடுங்கள். மதிய நேரப் படகில் டிக்கெட் சுலபமாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது: உச்சி வெயிலில் யானை நிழலில் ஒதுங்கிவிடும், தண்ணீரின் கூசல் கண்ணைப் பிடுங்கும். காலைப் படகில் ஒரு சிக்கல், டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டம். சவாரியின் முதல் பகுதி முழுக்க வெள்ளைத் திரைதான், திரும்பி வரும்போதுதான் கரை தெளியும். மாலைப் படகில் விலங்கு பார்க்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கும், ஆனால் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வரும். மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அத்தனை பேர் நடுவே குடையை விரிக்க முடியாது.

படகுத்துறையை அடைவது பலர் நினைப்பதுபோல் குமுளியில் இறங்கி நேராகப் போய் ஏறும் வேலை இல்லை. சொந்த வண்டியை ஆனவச்சால் வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டு, அங்கிருந்து வனத்துறைப் பேருந்தில் போக வேண்டும். பெரியாறு புலிகள் காப்பகத்தின் நுழைவுக் கட்டணம் தனி, படகுக் கட்டணம் தனி. படகு டிக்கெட் கையில் இருக்கிறதே என்று நுழைவுச் சீட்டு வரிசையைத் தவிர்க்க முடியாது. ஏழரைப் படகுக்கு ஆறரைக்குள் ஆனவச்சாலில் இருந்தால் பதற்றமில்லை. ஏழு மணிக்கு வந்து சேர்ந்தால், பேருந்து நிரம்பிக் கிளம்பிவிட்ட காட்சியை நின்று ரசிக்கலாம். படகை ஓட்டுவது கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் வனத்துறையும். கழகத்தின் டிக்கெட்டை ஆன்லைனிலேயே எடுத்துவிடுங்கள். பள்ளி விடுமுறை, தீபாவளி, கிறிஸ்துமஸ் நாட்களில் கவுண்டரை நம்பி வந்தால் மதியப் படகுதான் மிஞ்சும். "நான் வாங்கித் தர்றேன்" என்று தெருவில் வந்து நிற்பவர்களிடம் காசு கொடுக்க வேண்டாம். எல்லோருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

படகுத்துறைக்கு முன்னால் குரங்குகள் இருக்கும். பிஸ்கட் பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பிடித்தபடி நடந்தால் அது உங்களுடையது இல்லை. கழிவறை வேலையை ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

மேல்தட்டா, கீழ்த்தட்டா? பார்வை உயரம் வேண்டுமென்றால் மேலே. புல்வெளியில் படுத்திருக்கும் காட்டுமாடு மேலிருந்துதான் முழுதாகத் தெரியும். கீழே இருந்தால் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், ஆனால் பின்வரிசையில் இஞ்சின் இரைச்சலைச் சகிக்க வேண்டும். எந்தப் பக்கம் என்பதற்குச் சண்டையே வேண்டாம். படகு போன வழியிலேயே திரும்புகிறது. போகும்போது உங்களுக்குக் கிடைக்காத கரை, வரும்போது உங்கள் பக்கம் வந்துவிடும்.

எழுந்து ஓடாதீர்கள் என்று ஊழியர்கள் அதட்டுவதைச் சிலர் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்கிறார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் ஜலகன்யகா என்ற இரட்டைத்தட்டுப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். ஆட்கள் மேல்தட்டில் இருக்கும்போது படகின் எடைமையம் ஏற்கெனவே உயரத்தில் இருக்கிறது. விலங்கைப் பார்த்ததும் பாதிப் பேர் ஒரு பக்கம் பாய்ந்தால் படகு அந்தப் பக்கம் சாயும். சாய்ந்ததும் நிற்பவர்கள் எல்லோரும் தாழ்ந்த பக்கமே சரிவார்கள், சாய்வு இன்னும் கூடும். அதே நேரத்தில் படகு திரும்பிக்கொண்டிருந்தால் சமாளிப்பது இன்னும் கடினம். அதனால் உட்கார்ந்தே பாருங்கள்.

மிதவைச் சட்டையை மாட்டினால் மட்டும் போதாது. எல்லாக் கொக்கிகளையும் போட்டு, பட்டையை இழுத்து இறுக்குங்கள். பிறகு பக்கத்திலிருப்பவரைத் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். சட்டை காதுவரை ஏறினால் அது தண்ணீரில் தலைக்கு மேல் கழன்றுவிடும். தோள்பை, கேமரா வார் எல்லாம் சட்டைக்கு வெளியே இருக்கட்டும். குழந்தைக்குப் பெரியவர் சட்டையை நீட்டினால் சிறிய அளவைக் கேட்டு வாங்குங்கள், வெட்கப்பட வேண்டியதில்லை.

இனி அந்தப் பட்ட மரங்கள். அணையில் தண்ணீர் தேங்கியபோது முழுகிய காட்டின் மிச்சம் அவை. நூறு வருடத்துக்கு மேலாகியும் பல மரங்கள் நிற்கின்றன, காரணம் தண்ணீருக்கடியில் மரம் அவ்வளவு சீக்கிரம் உளுத்துப்போகாது. அவற்றின் உச்சியைத்தான் கவனிக்க வேண்டும். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் அங்கேதான் உட்கார்கின்றன, கூடும் கட்டுகின்றன. பாம்புத்தாராவின் இறகு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் முழுகி எழுந்ததும் சிறகை விரித்துக் காயவைக்கும். யானை வராத நாளில்கூட இது நிச்சயம் உண்டு. கரையோரம் நாலைந்து தலைகள் வரிசையாக நீந்தினால் அவை நீர்நாய்கள். புலியை எதிர்பார்த்துப் போவதில் அர்த்தமில்லை.

பைனாகுலரில் எட்டு மடங்கு போதும். பத்து மடங்கு என்றால் இஞ்சின் அதிர்வில் படம் ஆடும். கம்பியில் முழங்கையை ஊன்றினால் அதிர்வு நேராகக் கைக்கு ஏறும், உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். கேமராவில் 300 மி.மீ. லென்ஸ் இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்குக் குறையாமல் வையுங்கள். கைபேசியில் யானை எடுத்தால் கடுகுதான் கிடைக்கும். அதை ஏரியை எடுக்க வைத்துக்கொள்ளலாம்.

ஒரே குறை, சத்தம். "அங்க பாரு, அங்க பாரு" என்று ஒருவர் ஆரம்பித்தால் படகே கத்தும். மிளா உடனே காட்டுக்குள் போய்விடும். யானை மட்டும்தான் இந்தப் படகுகளுக்குப் பழகிப்போய் மேய்ந்துகொண்டே இருக்கும். அமைதி வேண்டும் என்பவர்களுக்கு வனத்துறையின் மூங்கில் தெப்பப் பயணம் இருக்கிறது: சிறு குழு, துப்பாக்கியோடு காவலர், காலையில் கிளம்பினால் மாலைவரை. அதில் காட்டு நடையும் சேர்ந்திருக்கிறது, மழைக்காலத்தில் அட்டையும் உண்டு. முழங்கால் வலி இருப்பவர்களும் சின்னக் குழந்தையோடு வருபவர்களும் ஏழரைப் படகிலேயே இருந்துவிடலாம்.